எத்தனையில் எத்தனை: ஆர் மொழியில் டேட்டா ஃபிரேமை டேபிளாக்கி விகிதாசாரம் காணுதல்

மும்பை செம்பூரில் ஞாயிறு காலைகளில், சமூக ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்கள் சிலருக்கு, புள்ளிவிவரக் கணக்குகளுக்கான கணினி மொழியான ஆர் மொழியை நான் சொல்லித் தருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் புள்ளியியலைத் தனிப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வீடு வீடாக ஏறி இறங்கிப் படிவம் நிரப்பி வந்தவர்கள். சென்ற மாதம் ஒரு மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “அக்கா, எந்த ஏரியாவை எடுத்தாலும் ரயில்ல போறவங்க இருபத்தஞ்சு சதவீதம், பஸ்ல போறவங்க இருபத்தஞ்சு சதவீதம்னே வருது. தாராவியில நடந்து போறவங்கதான் ஜாஸ்தின்னு நான் கண்ணால பார்த்திருக்கேனே” என்றார். அவர் இட்ட ஆணையில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆர் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. திரையில் வந்த எண்கள் மட்டும் முற்றிலும் தவறாக இருந்தன. அந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்பதையும், கையில் உள்ள டேட்டா ஃபிரேமை, அதாவது வரிகளும் நெடுவரிசைகளுமாகத் தரவு இருக்கும் அமைப்பை, சரியான வழியில் டேபிளாக மாற்றி, நம்பக்கூடிய விகிதாசாரத்தை எப்படிப் பெறுவது என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

ஆணைகளின் பெயர்களை ஒலிக்கும்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, பின்னால் வரும் ‘எக்ஸ்டேப்ஸ்’ என்பது எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தும் அதை ஒட்டி வரும் டேப்ஸ் என்ற சொல்லும் ஆகும். பெயரின் நடுவே புள்ளி இருக்கும் இடங்களில் புள்ளியையும் இட வேண்டும். நெடுவரிசைகளின் பெயர்களும் அவற்றுக்குள் இருக்கும் சொற்களும் தமிழிலேயே இருக்கலாம். விண்டோஸ் கணினிகளில் 2022-இல் வந்த 4.2.0 பதிப்பிலிருந்துதான், எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தை ஆர் இயல்பாகக் கையாள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் தமிழ்ச் சொற்கள் பல இடங்களில் கோணக் குறிகளுக்குள் அடைபட்ட குறியெண்களாகத் தெரியும். பழைய பதிப்போடு மல்லுக்கட்டாமல் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரி எதைக் குறிக்கிறது?

டேட்டா ஃபிரேமில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒவ்வொரு வகையாக இருக்கலாம்: ஒன்றில் ஊர்ப் பெயர், அடுத்ததில் வயது, அதற்கடுத்ததில் ஆட்களின் எண்ணிக்கை. அவற்றில் எது எண்ணிக்கை, எது வெறும் அடையாளம் என்பது நமக்குத் தெரியும், ஆருக்குத் தெரியாது. டேபிள் என்ற அமைப்பு அப்படிப்பட்டதன்று. அதன் உள்ளே எண்ணிக்கைகள் மட்டுமே இருக்கும். பெயர்கள் யாவும் ஓரங்களுக்குப் போய்விடும். விகிதாசாரம் என்றால் ஒன்றை மற்றொன்றால் வகுப்பது. வகுக்கும் எண் எந்த ஓரத்தை ஒட்டிக் கூட்டப்பட வேண்டும் என்பது டேபிளில்தான் தெளிவாக இருக்கிறது. ஆகவே டேட்டா ஃபிரேமை நேராக ‘ப்ரோபோர்ஷன்ஸ்’ ஆணையிடம் கொடுத்து வரிவாரியாகப் பங்கு கேட்டால், நீங்கள் கொடுத்தது ‘அரே’ (எல்லாம் ஒரே வகையாக உள்ள கட்ட அமைப்பு) அல்ல என்று ஆர் மறுத்துவிடும். ‘ஆஸ்.டேபிள்’ ஆணையிடம் கொடுத்தாலும், இதை டேபிளாக மாற்ற இயலாது என்ற பதிலே வரும்.

இந்த இரண்டு மறுப்புகளையும் பார்த்தவுடன் பலரும் ‘டேபிள்’ என்ற ஆணையை எழுதிப் பார்க்கிறார்கள். அது மறுப்பதில்லை, எதையாவது எண்ணிக் கொடுத்துவிடுகிறது. மாணவிக்கு நேர்ந்தது அதுதான். ஆகவே எந்த ஆணையையும் தட்டுவதற்கு முன்னால், தரவின் முதல் சில வரிகளை ‘ஹெட்’ ஆணையால் பார்த்து, ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரி ஓர் ஆளைக் குறிக்கலாம். ஒரு வரி ஒரு கூட்டத்தைக் குறித்து, அக்கூட்டத்தில் எத்தனை பேர் என்பது தனி நெடுவரிசையில் இருக்கலாம். அல்லது, யாரோ முன்பே எண்ணி முடித்து, குறுக்கும் நெடுக்குமான அட்டவணையாகவே கொடுத்திருக்கலாம். இந்த மூன்று வடிவங்களுக்கும் மூன்று வேறு வழிகள் உண்டு. ஒன்றுக்குரிய வழியை மற்றொன்றில் புகுத்தினால் தவறான விடைதான் வரும், அதுவும் பெரும்பாலும் ஓசையின்றி வரும்.

விளக்கத்திற்காக ஒரு சிறு தரவை நானே அமைத்திருக்கிறேன். இதை மும்பையின் உண்மை நிலவரமாகக் கொள்ள வேண்டாம். மூன்று பகுதிகளில் வேலைக்குப் போகிற 360 பேர் எதில் போகிறார்கள் என்பது கணக்கு.

பகுதி | ரயில் | பஸ் | பைக் | நடை
தாராவி | 42 | 30 | 18 | 60
மாட்டுங்கா | 54 | 12 | 20 | 4
செம்பூர் | 36 | 30 | 48 | 6

ஓர் ஆளுக்கு ஒரு வரி

படிவத்திலிருந்து நேராகக் கணினியில் ஏற்றிய தரவு இப்படித்தான் இருக்கும்: 360 ஆட்கள், 360 வரிகள். இங்கே வரிகளை எண்ணினாலே போதும், ஆகையால் ‘டேபிள்’ ஆணை இதற்கு மிகப் பொருத்தம்.

அட்டவணை <- டேபிள்(பயணம்[ , சி("பகுதி", "வாகனம்")])

இதில் பயணம் என்பது டேட்டா ஃபிரேமின் பெயர். வேண்டிய இரண்டு நெடுவரிசைகளை மட்டும் ‘சி’ ஆணையால் ஒன்றுசேர்த்துப் பெயர் சொல்லி எடுப்பது முக்கியம். முழு டேட்டா ஃபிரேமையும் கொடுத்தால், ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு பரிமாணமாகி, பெயர், வயது, வீட்டு எண் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கிய அளவுக்குக் கட்டங்களை உருவாக்க ஆர் முயலும். அந்தக் கட்டங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 214 கோடியைத் தொடும்போது, இவ்வளவு பெரிய டேபிளை உருவாக்க முடியாது என்று அது நின்றுவிடும். சிறிய தரவில் நிற்காமல் ஓடி முடிந்தாலும், திரை முழுவதும் பூஜ்யமாகத்தான் வரும்.

வரியிலேயே எண்ணிக்கை இருக்கும்போது

மாணவியின் தரவு இந்த வகையைச் சேர்ந்தது. அவர் படிவங்களை முன்பே தொகுத்து, பகுதி, வாகனம், பேர் (எத்தனை பேர்) என்ற மூன்று நெடுவரிசைகளில் சேமித்திருந்தார். மேலே உள்ள எடுத்துக்காட்டை அந்த வடிவில் எழுதினால் 12 வரிகள் வரும்: தாராவி, ரயில், 42 என்பது ஒரு வரி, தாராவி, பஸ், 30 என்பது அடுத்த வரி. இதன்மேல் ‘டேபிள்’ ஆணையை இட்டால், பேர் என்ற நெடுவரிசையை அது திரும்பியும் பார்க்காது; வரிகளை மட்டுமே எண்ணும். தாராவியும் ரயிலும் சேர்ந்து வரும் வரி ஒன்றுதான். தாராவியும் நடையும் சேர்ந்து வரும் வரியும் ஒன்றுதான். எல்லாக் கட்டங்களிலும் ஒன்று. நான்கு வாகனங்களுக்கும் கால் பங்கு. அவர் கண்ட இருபத்தைந்து சதவீதத்தின் பிறப்பிடம் இதுவே.

இதே தவறை ஆரோடு கூடவே வரும் ஒரு தரவில் நீங்களே செய்து பார்க்கலாம். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இருந்த 2,201 பேரின் கணக்கு அதில் ‘டைட்டானிக்’ என்ற பெயரிலேயே டேபிளாக இருக்கிறது. அதை ‘ஆஸ்.டேட்டா.ஃபிரேம்’ ஆணையால் டேட்டா ஃபிரேமாக மாற்றினால், வகுப்பு, பால், வயது, பிழைத்தாரா என்ற நான்கு அடையாளங்களும் எண்ணிக்கையும் கொண்ட 32 வரிகள் கிடைக்கும். அதில் வகுப்பையும் பிழைத்தாரா என்பதையும் மட்டும் எடுத்து ‘டேபிள்’ இட்டுப் பங்கு கண்டால், முதல் வகுப்பிலும் பாதிப் பேர், மூன்றாம் வகுப்பிலும் பாதிப் பேர், ஊழியரிலும் பாதிப் பேர் பிழைத்ததாக வரும். உண்மையில் முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர், அதாவது 62.5 சதவீதத்தினர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர், அதாவது 25.2 சதவீதத்தினரே பிழைத்தார்கள். அந்த இரவில் எந்த வகுப்புச் சீட்டு வைத்திருந்தார்கள் என்பது உயிரையே தீர்மானித்தது என்ற செய்தி, தவறான ஓர் ஆணையால் தடம் தெரியாமல் அழிந்துவிடுகிறது. பங்குகள் சந்தேகப்படும்படி சமமாக வந்தால், முதலில் இந்தத் தவறைத்தான் தேட வேண்டும்.

இந்த வடிவத்திற்குரிய ஆணை ‘எக்ஸ்டேப்ஸ்’.

அட்டவணை <- எக்ஸ்டேப்ஸ்(பேர் ~ பகுதி + வாகனம், டேட்டா = பயணம்)

அலைக்குறிக்கு இடப்பக்கம் கூட்ட வேண்டிய எண்ணிக்கை. வலப்பக்கம் ஓரங்களுக்குப் போக வேண்டிய அடையாளங்கள். ஒரே பகுதியும் ஒரே வாகனமும் பல வரிகளில் வந்தாலும் அவற்றை அது கூட்டிவிடும். இடப்பக்கத்தைக் காலியாக விட்டால் ‘டேபிள்’ போலவே வரிகளை எண்ணும். அதனால் என் மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ‘எக்ஸ்டேப்ஸ்’தான்: எதைக் கூட்டுகிறோம், எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை நம் கையாலேயே எழுத வைப்பதால், யோசிக்காமல் அதைப் பயன்படுத்த முடியாது.

எண்ணிக்கை நெடுவரிசை உண்மையிலேயே எண்ணாக இருக்கிறதா என்பதையும் ஒருமுறை ‘எஸ்டிஆர்’ ஆணையால் பார்த்துவிடுங்கள். நம் நாட்டு அட்டவணைகளில் 1,23,456 என்று காற்புள்ளியோடு எழுதுவது வழக்கம். அப்படிப்பட்ட கோப்பைப் படிக்கும்போது ஆர் அந்த நெடுவரிசையை முழுவதும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். ‘ஜிசப்’ ஆணையால் காற்புள்ளிகளை நீக்கிய பிறகே ‘ஆஸ்.நியூமெரிக்’ இட வேண்டும். நீக்காமல் இட்டால் அந்த எண்கள் எல்லாம் விடுபட்ட மதிப்புகளாகிவிடும்.

முன்பே குறுக்கு அட்டவணையாக வந்திருந்தால்

மேலே நான் காட்டிய மூன்று வரி அட்டவணையே ஒரு கோப்பில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் எண்ணவோ கூட்டவோ ஒன்றும் இல்லை. வடிவத்தை மாற்றினால் போதும். ஆனால் முதல் நெடுவரிசையில் பகுதியின் பெயர் எழுத்தாக இருக்கிறது. அதோடு சேர்த்து அப்படியே ‘ஆஸ்.மேட்ரிக்ஸ்’ இட்டால், ஒரு மேட்ரிக்ஸில் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதால், 42, 30, 18 என்ற எண்களும் எழுத்துகளாகிவிடும். பிறகு கூட்டல் நடக்காது. ஆகவே முதல் நெடுவரிசையை ஒதுக்கிவிட்டு, அதை வரிகளின் பெயராக வைக்க வேண்டும்.

கட்டம் <- ஆஸ்.மேட்ரிக்ஸ்(பயணம்[ , -1])
ரோநேம்ஸ்(கட்டம்) <- பயணம்$பகுதி
அட்டவணை <- ஆஸ்.டேபிள்(கட்டம்)
நேம்ஸ்(டிம்நேம்ஸ்(அட்டவணை)) <- சி("பகுதி", "வாகனம்")

இரண்டாம் வரியை மறந்தால், ஆர் வரிகளுக்குத் தானாகவே ஏ, பி, சி என்று பெயர் சூட்டிவிடும். விடையில் தாராவியும் மாட்டுங்காவும் இருக்க வேண்டிய இடத்தில் இந்த எழுத்துகளைக் கண்டால், பெயர்கள் வழியில் தொலைந்தன என்று பொருள். நான்காம் வரி கட்டாயமில்லை. ஆனால் அதை எழுதிவைத்தால், பின்னால் மறுபடியும் டேட்டா ஃபிரேமாக மாற்றும்போது ‘வேர்1’, ‘வேர்2’ என்ற முகமற்ற பெயர்களுக்குப் பதிலாக நீங்கள் கொடுத்த பெயர்கள் வரும்.

வெளியிலிருந்து வரும் குறுக்கு அட்டவணைகளில் ‘மொத்தம்’ என்றொரு நெடுவரிசை ஒட்டிக்கொண்டே வரும். அதை நீக்காமல் விட்டால் ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் இரட்டிப்பாகி, ஒவ்வொரு பங்கும் சரியாகப் பாதியாகிவிடும். தாராவியில் நடப்போர் 150 பேரில் 60 பேர், 40 சதவீதம். மொத்தத்தையும் சேர்த்து வகுத்தால் 300-இல் 60 என்றாகி 20 சதவீதம் என வரும். பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருப்பதுதான் இந்தத் தவறின் ஆபத்து.

எதனால் வகுப்பது?

மூன்றில் எந்த வழியில் வந்திருந்தாலும் இப்போது கையில் இருப்பது ஒரே டேபிள்தான். பங்கு காணும் ஆணை ‘ப்ரோபோர்ஷன்ஸ்’. 2020-இல் வந்த 4.0 வரிசைப் பதிப்புகளில் இந்தப் பெயர் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் இருந்த ‘ப்ராப்.டேபிள்’ என்ற பெயரும் இன்றுவரை வேலை செய்கிறது, பழைய பாடக்குறிப்புகளில் அதுவே இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

ப்ரோபோர்ஷன்ஸ்(அட்டவணை)
ப்ரோபோர்ஷன்ஸ்(அட்டவணை, 1)
ப்ரோபோர்ஷன்ஸ்(அட்டவணை, 2)

எண் ஏதும் கொடுக்காவிட்டால் எல்லாக் கட்டங்களின் மொத்தத்தால் வகுக்கும். 1 கொடுத்தால் அந்தந்த வரியின் மொத்தத்தால் வகுக்கும். 2 கொடுத்தால் அந்தந்த நெடுவரிசையின் மொத்தத்தால் வகுக்கும். மூன்றாலும் என்ன மாறுகிறது என்பதைத் தாராவியில் நடப்போர் 60 பேர் என்ற அந்த ஒரே கட்டத்தை வைத்துப் பார்ப்போம். முதல் ஆணையில் அது 0.167 ஆகும்: விசாரித்த 360 பேரில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் தாராவியிலிருந்து நடந்து போகிறவர்கள். இரண்டாவதில் 0.40 ஆகும்: தாராவிக்காரர்களில் 40 சதவீதத்தினர் நடந்து போகிறார்கள். மூன்றாவதில் 0.857 ஆகும்: நடந்து போகிறவர்களில் ஏறத்தாழ 86 சதவீதத்தினர் தாராவிக்காரர்கள். மூன்றும் உண்மை, மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்திற்காக நான் எழுதிய அறிக்கையில், படிப்பை இடையில் நிறுத்தியவர்களில் எத்தனை பங்கு பெண் பிள்ளைகள் என்ற எண்ணை, பெண் பிள்ளைகளில் எத்தனை பங்கினர் படிப்பை நிறுத்தினார்கள் என்ற வாக்கியத்தில் வைத்துவிட்டேன். அச்சாகி வந்த பிறகு, அந்தப் பகுதியில் பாடம் நடத்திய ஆசிரியை ஒருவர், “எங்க கிளாஸ்ல இவ்வளவு பொண்ணுங்க நிக்கலையே” என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. 1 இருக்க வேண்டிய இடத்தில் 2 இருந்தது, அவ்வளவுதான். அன்று முதல், ஆணையை எழுதுவதற்கு முன்பே ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்ற தமிழ் வாக்கியத்தை முழுதாக எழுதிவிடுகிறேன். ‘-இல்’ என்ற உருபு எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அதுதான் வகுக்கும் எண். ‘தாராவிக்காரர்களில்’ என்றால் பகுதி இருக்கும் ஓரம், ‘நடப்பவர்களில்’ என்றால் வாகனம் இருக்கும் ஓரம்.

சரிபார்ப்பதற்கு, ஓரங்களில் மொத்தத்தைச் சேர்க்கும் ‘ஆட்மார்ஜின்ஸ்’ ஆணை உதவும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் பங்கு, பிறகு மொத்தம். டேபிளில் மொத்தத்தைச் சேர்த்துவிட்டுப் பங்கு கண்டால், மேலே சொன்ன பாதியாகும் தவறே மறுபடியும் நேரும். எண்களும் இங்கே தலைகீழாகத் தோன்றும். வரிவாரிப் பங்குக்கு 1 கொடுத்தோம். அந்தப் பங்குகள் ஒன்றாகக் கூடுகின்றனவா என்று பார்க்க ஒரு நெடுவரிசையைச் சேர்க்க வேண்டும், அதற்கு 2 கொடுக்க வேண்டும்.

ஆட்மார்ஜின்ஸ்(ப்ரோபோர்ஷன்ஸ்(அட்டவணை, 1), 2)

கடைசி நெடுவரிசை முழுவதும் 1 என்று வந்தால் வகுத்த எண் சரி.

விடுபட்டவையும் இரட்டைப் பிறவிகளும்

‘டேபிள்’ ஆணை விடுபட்ட மதிப்புகளைச் சொல்லாமலே விட்டுவிடும். செம்பூரில் 130 பேரைக் கேட்டு, அவர்களில் 10 பேர் வாகனத்தைச் சொல்லவில்லை என்றால், ரயிலில் போகும் 36 பேர் 120-இல் 30 சதவீதமா, 130-இல் 27.7 சதவீதமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆர் உங்களைக் கேட்காமல் முதலாவதை எடுத்துக்கொள்ளும். ‘டேபிள்’ ஆணைக்குள் ‘யூஸ்என்ஏ’ என்பதற்கு ‘இஃப்எனி’ என்று கொடுத்தால், விடுபட்டவர்கள் தனி நெடுவரிசையாகக் கண்ணில் படுவார்கள். எந்த முடிவை எடுத்தாலும் அதை அறிக்கையில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எழுத்து நெடுவரிசையில் காலியாக விட்ட கட்டத்தை, கோப்பைப் படிக்கும் ‘ரீட்.சிஎஸ்வி’ ஆணை விடுபட்டதாகக் கருதுவதில்லை, வெற்றுச் சொல்லாகவே கருதும். டேபிளில் பெயரே இல்லாத ஒரு நெடுவரிசை வந்தால் காரணம் அதுதான். கோப்பைப் படிக்கும்போதே ‘என்ஏ.ஸ்ட்ரிங்ஸ்’ என்பதில் வெற்று மேற்கோளையும் சேர்த்துவிட்டால் அது தீரும்.

தமிழில் தரவு ஏற்றுகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை டோம்பிவிலி என்ற ஒரே ஊர் டேபிளில் இரண்டு வரிகளாக வந்தது. இரண்டிலும் எழுத்துகள் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று ‘ட்ரிம்டபிள்யூஎஸ்’ இட்டும் பயனில்லை. கடைசியில் பார்த்தால், யூனிகோடில் ‘டோ’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியெண்களாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆருக்கு இரண்டும் வேறு. படிவங்களை இரண்டு பேர் இரண்டு விசைப்பலகைகளில் ஏற்றும்போது இப்படி நேர்வதுண்டு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் சொற்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ‘ஸ்ட்ரிங்ஐ’ என்ற கூடுதல் தொகுப்பில் உள்ள ‘ஸ்ட்ரி_ட்ரான்ஸ்_என்எஃப்சி’ ஆணையை அந்த நெடுவரிசையின்மேல் ஒருமுறை இட்டால், எல்லாம் ஒரே வடிவத்திற்கு வந்துவிடும். தமிழ்த் தரவில் டேபிள் போடுவதற்கு முன்னால் இதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பகுதியை நீக்கிவிட்டு மீதியை மட்டும் ஆராயும்போது, அந்த நெடுவரிசை, வரக்கூடிய பெயர்களின் பட்டியலைத் தன்னோடு வைத்திருக்கும் ‘ஃபேக்டர்’ வகையாக இருந்தால், நீக்கிய பகுதியின் பெயர் பூஜ்யங்களோடு வரியாக நின்றுகொண்டே இருக்கும். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்த விடையாக, எண்ணே அல்ல என்ற குறி அங்கே வரும். ‘டிராப்லெவல்ஸ்’ இட்டால் போதும். அதற்காக எல்லாப் பூஜ்யங்களையும் பகையாகக் கருத வேண்டாம். மாட்டுங்காவில் நடப்பவர் ஒருவருமே இல்லை என்றால், டேபிள் அந்தக் கட்டத்தைப் பூஜ்யமாகக் காட்டுகிறது. டேட்டா ஃபிரேமிலேயே இருந்துகொண்டு ‘டிபிளையர்’ தொகுப்பின் ‘கவுன்ட்’ ஆணையால் எண்ணினால், அந்த வரி பெரும்பாலும் வராமலே போய்விடும். இல்லாமையும் ஒரு செய்தி என்பதால், இந்த இடத்தில் நான் டேபிளின் பக்கமே நிற்பேன்.

எடையும் மூன்றாம் பரிமாணமும்

செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்தான் தேசியக் குடும்ப நல ஆய்வை ஒருங்கிணைத்து நடத்துகிறது. 2019–21-இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 7,24,115 பெண்களிடம் பேசியிருக்கிறார்கள். அதன் தரவில் ஒவ்வொருவருக்கும் ஓர் எடை உண்டு: உடல் எடை அல்ல, கணக்கில் அவருடைய பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்று காட்டும் எண். அதைச் சேர்க்காமல் தலைகளை மட்டும் எண்ணினால், மாதிரியில் கூடுதலாக எடுக்கப்பட்ட பகுதிகளின் குரல் ஓங்கிவிடும். எடை என்பதும் கூட்ட வேண்டிய ஓர் எண்தான். ஆகவே ‘எக்ஸ்டேப்ஸ்’ ஆணையில் பேர் இருந்த இடத்தில் எடையை வைத்தால் வேலை முடிந்தது. அந்தக் கோப்பில் எடைகள் பத்து லட்சத்தால் பெருக்கிச் சேமிக்கப்பட்டிருக்கும். வகுக்காமல் விட்டாலும் பங்குகள் மாறா, மேலும் கீழும் அந்தப் பத்து லட்சம் அடிபட்டுப் போகும். ஆனால் எண்ணிக்கைகளை அச்சிடுவதாக இருந்தால் கட்டாயம் வகுக்க வேண்டும்.

இரண்டுக்கு மேல் அடையாளங்கள் இருந்தால் வலப்பக்கத்தில் இன்னொரு கூட்டல் குறி. பகுதி, வாகனம், பால் என்று மூன்றையும் கொடுத்து, ஒவ்வொரு பகுதியின் பெண்களுக்குள்ளும் ஆண்களுக்குள்ளும் வாகனப் பங்கு வேண்டுமென்றால், நிலையாக நிற்கும் இரண்டு ஓரங்களின் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ப்ரோபோர்ஷன்ஸ்(அட்டவணை, சி(1, 3))

மூன்றாம் ஓரத்தைச் சேர்ப்பது அலங்காரத்திற்கு அல்ல. ஆரோடு வரும் ‘யூசிபிஅட்மிஷன்ஸ்’ என்ற டேபிளில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆறு பெரிய துறைகளுக்கு 1973-இல் விண்ணப்பித்த 4,526 பேரின் கணக்கு இருக்கிறது. துறையை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆண்களில் 44.5 சதவீதத்தினருக்கும் பெண்களில் 30.4 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. துறையையும் சேர்த்துப் பார்த்தால், முதல் துறையில் ஆண்கள் 825 பேரில் 512 பேருக்கும், பெண்கள் 108 பேரில் 89 பேருக்கும் இடம்: 62 சதவீதமும் 82 சதவீதமும். எளிதில் இடம் கிடைத்த துறைக்குப் பெண்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள் என்பதை மூன்றாம் ஓரம் இன்றிக் காண வழியில்லை. பெரிய டேபிள் திரையில் துண்டு துண்டாக வந்தால், ‘எஃப்டேபிள்’ அதை ஒரே விரிப்பாக அச்சிடும்.

அச்சுக்கு அனுப்புகையில்

பங்குகளை நூறால் பெருக்கி ‘ரவுண்ட்’ இடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். இடையில் சுருக்கிய எண்களை மறுபடியும் கூட்டவோ வகுக்கவோ கூடாது. ஒரு தசமத்திற்குச் சுருக்கினால் மாட்டுங்காவின் பங்குகள் 60.0, 13.3, 22.2, 4.4 என்று வந்து, கூட்டினால் 99.9 ஆகும். இதை 100 ஆக்குவதற்காக ஏதேனும் ஓர் எண்ணைக் கையால் உயர்த்தாதீர்கள். சுருக்கியதால் கூட்டுத்தொகை சற்று மாறலாம் என்ற குறிப்பை அட்டவணையின் அடியில் எழுதினால் போதும். சதவீதத்தின் பக்கத்திலேயே வகுத்த எண்ணையும், அதாவது மாட்டுங்காவுக்கு 90 பேர் என்பதையும், எப்போதும் கொடுங்கள். அந்த 4.4 சதவீதம் என்பது நான்கே பேர் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

டேபிளை மறுபடியும் டேட்டா ஃபிரேமாக மாற்ற ‘ஆஸ்.டேட்டா.ஃபிரேம்’ இட்டால், அது ஒரு கட்டத்திற்கு ஒரு வரியாக நீட்டிக் கொடுக்கும். வரைபடம் வரைய அதுவே வசதி. எண்கள் இருக்கும் நெடுவரிசைக்கு ‘ரெஸ்பான்ஸ்நேம்’ என்பதன் மூலம் பங்கு என்று பெயர் வைக்கலாம். அச்சுக்குப் போகும் குறுக்கு வடிவம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் ‘ஆஸ்.டேட்டா.ஃபிரேம்.மேட்ரிக்ஸ்’ இட வேண்டும். சேமித்த கோப்பை எக்செலில் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால், ‘ரீடர்’ தொகுப்பின் ‘ரைட்_எக்செல்_சிஎஸ்வி’ ஆணையால் சேமியுங்கள். அது கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 அடையாளத்தை வைத்துவிடுவதால், தாராவி தாராவியாகவே திறக்கும். வரிகளின் பெயர்களை அந்த ஆணை எழுதாது. ஆகையால் சேமிப்பதற்கு முன் பகுதியின் பெயர்களை முதல் நெடுவரிசையாகத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.